பெயருக்குக் கீழே நான்கு வரி: தாம்பரம் மாநகராட்சிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், 70 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குரோம்பேட்டையில் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவன் நான். அண்மையில் மின்சார ரயிலில் என்னோடு வந்த பேத்தி, நிலையத்தின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "தாத்தா, குரோம்னா என்ன?" என்று கேட்டாள். குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட 'குரோம் லெதர் கம்பெனி' இங்கே இருந்ததையும், அதற்கு முன்பு ஆவாரம் பட்டையில் தோலை ஊறப்போட்டுப் பதனிட்டதையும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிட்டது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். அடுத்த கேள்வியும் வந்தது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர், தாயகம் திரும்பி 1928இல் தொடங்கிய சிகிச்சை நிலையம் அது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்த ரயில் நிலையத்தில் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசித்ததுண்டு.

5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான மாநகராட்சி இது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்று தனித்தனியே வாழ்ந்த ஊர்கள் இன்று வரி ரசீதில் ஒரே பெயருக்குக் கீழே வருகின்றன. நிர்வாகத்துக்கு அது வசதிதான். ஆனால் ஊர்களின் கதைகள் வார்டு எண்களுக்குள் கரைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் சிலை கேட்கவில்லை; மணிமண்டபமும் கேட்கவில்லை. முக்கியமான இடங்களில், படிக்கும் உயரத்தில், நல்ல தமிழில் நான்கு வரி எழுதிய பலகை ஒன்று போதும்.

அவற்றில் முதல் பலகை பல்லாவரத்தில் இருக்க வேண்டும். 1863 மே 30 அன்று, அங்கிருந்த படை அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில், நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். இருபுறமும் சில்லு பெயர்த்து, ஒரு முனை கூராக்கப்பட்ட கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகுக்குச் சொன்ன முதல் சான்றாக அந்தக் கல் நின்றது. அதே பல்லாவரத்தின் பாறையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை, அவனுடைய பட்டப்பெயர்களைத் தூண்களில் தாங்கியபடி, இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட காலத்தைச் சில கிலோமீட்டருக்குள் வைத்திருக்கும் புறநகர் வேறு எங்கிருக்கிறது? பூட் கல்லை எடுத்த இடம் கண்டோன்மென்ட் எனப்படும் படைக் குடியிருப்பின் எல்லைக்குள் வருமானால், அதை நிர்வகிக்கும் வாரியத்துடன் பேசிப் பலகையைச் சாலையோரத்தில் வைக்கலாம்.

பலகையில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். இதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். ஊர்ப் பெருமை என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கை தாராளமாகிவிடும். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, தமிழ் நாடகத்துக்குப் படித்தவர்களிடையே மதிப்பைத் தேடித் தந்தவர். அவர் பெயரின் முன்னால் பம்மல் நிற்கிறது, ஆனால் அவர் பிறந்தது சென்னை நகரில். அதை அப்படியே எழுதுவதால் பம்மலுக்குக் குறைவு எதுவுமில்லை. குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி) என்றதும் அப்துல் கலாம் படித்த கல்லூரி என்கிறோம். 1949இல் தன் சொத்தைக் கொடுத்து அதை நிறுவிய சி. ராஜத்தின் பெயரையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். நகரின் நடுவிலிருந்து 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்துவக் கல்லூரிக்கும் இது பொருந்தும்: குடியரசுத் தலைவராக இருந்த இராதாகிருஷ்ணன் அதன் மாணவர்தான், ஆனால் அவர் படித்தது பழைய கட்டடத்தில்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. இணைக்கப்பட்ட 10 உள்ளாட்சி அலுவலகங்களின் பழைய தீர்மானப் புத்தகங்களும் வரிப் பதிவேடுகளும் எங்கெங்கு இருக்கின்றனவோ, அவற்றை ஒரே அறையில் சேர்த்துப் பட்டியலிடுங்கள். எந்தத் தெருவுக்கு யார் பெயரை எந்த ஆண்டு, எதற்காக வைத்தார்கள் என்பது அந்தத் தாள்களில் மட்டுமே இருக்கக்கூடும். கரையானோ பழைய பேப்பர் கடையோ அவற்றுக்கு வழி கண்டுபிடிப்பதற்கு முன், அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதைப் பொருளாக வைக்க வேண்டுகிறேன். பட்டியலிடும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், ஓய்வு பெற்ற எங்களைப் போன்றோர் தெருவுக்கு நால்வர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
குரோம்பேட்டைவாசி ஒருவன்