இரண்டாவது லென்ஸ்: 50ஐ வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாரவெளியீட்டின் கமரா பக்கத்தில், புதிதாகக் கமரா வாங்கியோர் இரண்டாவதாக வாங்கவேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) லென்ஸ் என்று எழுதப்பட்டிருந்தது. விலை குறைவு, பின்னணி மங்கலாக விழும், வெளிச்சம் குறைந்த இடத்திலும் கைகொடுக்கும் என்ற மூன்று காரணங்களும் சரிதான். ஆனால் புதிதாக வாங்குவோரில் பலரின் கையில் இருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சர் கமரா. அதில் 50ஐ மாட்டினால் முழு அளவுச் சென்சர் கமராவின் கணக்கில் கெனனில் 80க்கும் நிக்கொனில் 75க்கும் சமமான குறுகிய பார்வைதான் கிடைக்கும். முகப்படத்துக்கு அருமை. கொழும்பில் நாளாந்தம் தோளில் போட்டுத் திரிய அது தோதுப்படாது, அதற்கு 24 மி.மீ. போன்ற மெல்லிய அகலக்கோண லென்ஸ்தான் பொருந்தும்.

கணக்குச் சின்னது. சென்சரின் அகலத்தை மி.மீ. இல் எடுத்து, ஆளுக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. ஆல் பிரித்தால், படத்தில் எத்தனை மீற்றர் அகலம் விழும் என்பது வந்துவிடும். கெனன் சிறு சென்சரின் அகலம் 22.3. நிக்கொன், சோனி, புஜி 23.5. முழு அளவுச் சென்சர் 36. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் ஹோலில் கெனன் சிறு சென்சர் கமராவோடு 3 மீற்றர் தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் விழுவது 1.34 மீற்றர், கதிரையில் நெருக்கி இருக்கும் இரண்டு பேர், அவ்வளவுதான். அதே இடத்தில் 24 மி.மீ. என்றால் 2.8 மீற்றர், சோபாவும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் உள்ளே வந்துவிடுவார்கள். நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் 50க்கு 4.3 மீற்றர் பின்னுக்குப் போகவேண்டும். பல வீடுகளில் அது பல்கனியைத் தாண்டி வெளியே! 24க்கு 2 மீற்றர் போதும். கடைக்குப் போகுமுன் வீட்டில் அளவு நாடாவைப் பிடித்துப் பார்ப்பது பத்து விமர்சன வீடியோக்களைவிடப் பிரயோசனம்.

கெனன் சிறு சென்சர் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி பொருத்திய கமரா) வைத்திருப்போருக்கு விடை சுலபம். 2014 இல் வந்த ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்ரிஎம், 22.8 மி.மீ. தடிப்பு, 125 கிராம், 52 மி.மீ. பில்டர். இதைக் கமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸைவிட அதிக வெளிச்சம் தரும் என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை: 18-55 கிட் லென்ஸ் 24இல் ஏறத்தாழ எஃப் 4 திறக்கும், இது 2.8. இரண்டு மடங்கு வெளிச்சம், அதற்கு மேல் இல்லை. கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதியும் இதில் கிடையாது. காசு கொடுப்பது மெல்லிய உடம்புக்கும் கிட்டத்தில் போகஸ் பிடிக்கும் குணத்துக்கும். 16 செ.மீ. வரை கிட்டப் போகலாம். அந்தத் தூரம் சென்சரிலிருந்து அளக்கப்படுவதால் லென்ஸ் முகத்திலிருந்து பார்த்தால் ஒன்பது செ.மீ. அளவுதான். சைவக் கடையில் மேசைக்கு முன்னால் இருந்தபடியே இடியப்பத் தட்டை முழுதாக எடுக்கலாம். 50 வைத்திருப்பவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பவேண்டும்.

நிக்கொன் டி3500, டி5600 வகைக் கமராக்காரரின் பாடுதான் சிக்கல். அந்த மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) சிறு சென்சருக்கென்று மெல்லிய அகலக்கோண லென்ஸை நிக்கொன் செய்யவேயில்லை. கடைகளில் பழைய ஏஎஃப் 24 மி.மீ. எஃப் 2.8டி காட்டுவார்கள். நல்ல கண்ணாடிதான், ஆனால் அதைச் சுழற்றும் மோட்டார் கமராவுக்குள் இருக்கவேண்டும், இந்தக் கமராக்களில் அது இல்லை. மாட்டலாம், ஒளி அளக்கும், போகஸ் மட்டும் கையால். 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் (நிக்கொனின் சிறு சென்சர் வகை) தானாகப் போகஸ் பிடிக்கும், ஆனால் அது 52க்குச் சமம். அகலக்கோணம் என்று சொல்லமுடியாது. இவர்கள் கிட் லென்ஸை 24இல் வைத்து, சுழலாதபடி மெல்லிய ஒட்டுநாடா ஒட்டி ஒரு மாதம் எடுத்துப் பார்ப்பது உத்தமம். அந்தப் பார்வை பிடித்துப்போனால், பிறகு மிரர்லெஸ் (அந்த ஆடி இல்லாத கமரா) வாங்கும்போது சேர்த்தே யோசிக்கலாம்.

மிரர்லெஸில் தெரிவு தாராளம். நிக்கொன் இசட் டிஎக்ஸ் 24 மி.மீ. எஃப் 1.7 வெறும் 135 கிராம், 36க்குச் சமம். விளக்கு வெளிச்சத்தில் படம் எடுப்பவருக்கு 2.8ஐவிட ஏறத்தாழ 2.7 மடங்கு ஒளி. பொன்னம்பலவாணேசர் கோயில் போன்ற கருங்கல் மண்டபங்களில் (அனுமதி கேட்டுக்கொண்டு, பிளாஷ் போடாமல்) இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முழுச் சென்சருக்கு இசட் 26 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது, தடிப்பு 23.5 மி.மீ. கெனனில் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8, 120 கிராம். சிறு சென்சர் ஆர்50 கமராவில் போட்டால் 45க்குச் சமம், முழுச் சென்சரில்தான் அது உண்மையான 28. சோனியின் ஈ 20 மி.மீ. எஃப் 2.8 வெறும் 69 கிராம். புஜியின் 27 மி.மீ. எஃப் 2.8 அதைவிடச் சற்றே பாரம், பார்வை 40க்குச் சமம். பனசொனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 கூர்மைக்குப் பேர்போனது, போகஸ் மந்தத்துக்கும் அப்படியே. ஓடித்திரியும் பிள்ளைகளை எடுக்க அது சரிவராது.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) போட்டு மிரர்லெஸில் பாவிக்கலாம்தானே என்று கேட்போர் உண்டு. பாவிக்கலாம். ஆனால் கெனன் அடப்டரே 24 மி.மீ. நீளம், 110 கிராம். 22.8 மி.மீ. லென்ஸ் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். அதோடு, முழுச் சென்சர் ஆர்பி கமராவில் ஈஎஃப்-எஸ் லென்ஸ் போட்டால் கமரா தானாக ஓரங்களை வெட்டி, 26 மெகாபிக்சலைப் பத்தாக்கிவிடும்.

அகலம் கூடக்கூட நல்லது என்பதும் தப்பு. ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபடும். 38க்குச் சமமான பார்வையில் அது பத்தில் ஒரு பங்கு, யாரும் கவனிக்கமாட்டார்கள். முழுச் சென்சர் 28இல் ஐந்தில் ஒரு பங்கு. 16இல் ஒன்றரை மடங்கு. கலியாணக் குழுப்படத்தில் ஓரமாக நின்ற பெரியம்மா அந்தப் படக்காரரை ஆயுளுக்கும் மன்னிக்கமாட்டார். ஆட்களை நடுவுக்கு ஒதுக்கி, ஓரங்களில் ஒரு சாண் வெறுமை விட்டு எடுத்துப் பிறகு வெட்டுங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்புக் கோபுரங்கள் ஒடுங்கிய இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து முழுதாக வேண்டுமென்றால் மட்டும் 24உம் போதாது. அதற்குக் கிட் லென்ஸின் 18 இருக்கிறது, அதை விற்றுவிடாதீர்கள்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும் கைவண்டிகளும் குறுக்கும் மறுக்கும் போகும் இடத்தில் ஓட்டோ போகஸ் பின்னாலுள்ள பெயர்ப்பலகையைப் பிடித்துவிடும். ஈஎஃப்-எஸ் 24ஐ எஃப் 8இல் வைத்து, 4 மீற்றர் தள்ளியுள்ள ஒரு தூணில் போகஸ் பிடித்து, பக்கத்திலுள்ள ஆளியை எம்எஃப்புக்கு (கையால் போகஸ்) தள்ளிவிடுங்கள். ஏறத்தாழ 2 மீற்றரிலிருந்து தெருக்கோடி வரை கூர்மையாக வரும். சட்டர் 1/250, ஐஎஸ்ஓ தானியங்கி. கமராவை அணைத்துப் போட்டால் போகஸ் இடம் மாறியிருக்கலாம், மறுபடி தூணைப் பிடியுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்குவோர் கைத்தொலைபேசி ரோர்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்னாலிருந்து சரித்துப் பார்க்கவேண்டும். சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுக் கிடந்தால் அது பங்கஸ் (பூஞ்சணம்). சிறிது என்று சொல்லி விலை குறைத்தாலும் வேண்டாம். பிறகு ஒரு செங்கல் மதிலுக்கு நேராக நின்று எஃப் 2.8இல் ஒரு படம். வலது ஓரம் கூர்மை, இடது ஓரம் மங்கல் என்றால் ஏதோவொரு முறை கீழே விழுந்த லென்ஸ். மெல்லிய எஸ்ரிஎம் (கெனனின் போகஸ் மோட்டார் வகை) லென்ஸ்களில் முன்குழல் போகஸ் பிடிக்கும்போது வெளியே வரும், அதை அழுத்தினால் வம்பு: 2012 இல் வந்த கெனன் 40 மி.மீ. லென்ஸில் மூடியை அழுத்திப் போட்டதற்கே ஓட்டோ போகஸ் நின்றுபோக, அதே ஆண்டில் நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. முன்குழலை உள்ளே போகவிட்டுப் பைக்குள் வையுங்கள்.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பது கொழும்புக் காற்றில் பங்கஸுக்குப் பாய் விரிப்பதுபோல. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் காயவைக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், அந்த நீலச் சாயம் நஞ்சு.

உங்கள் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை. லென்ஸ் ஒன்றைச் சிபாரிசு செய்யும்போதெல்லாம், எந்தச் சென்சர் அளவுக்கு என்பதையும் 3 மீற்றரில் எவ்வளவு அகலம் விழும் என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு இடம் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06