பாதுகாவலர் திருவிழாவும் புதுநன்மை வகுப்பும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம். நம் பள்ளியின் பாதுகாவலரான திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருவிழாவை ஆகஸ்ட் 21 அன்று கொண்டாட இருக்கிறோம். அதைத் தொடர்ந்து, மூன்றாம் வகுப்பில் பயிலும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை வாங்குதல்) ஆயத்த வகுப்பும் தொடங்குகிறது. இந்தப் புனிதரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளை நற்கருணை, அதாவது திருப்பலியில் ஆண்டவரின் உடலாக நாம் ஏற்கும் அப்பம், வாங்குவது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பகுத்தறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டும் என்று திருச்சபையின் பொதுச் சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் 1215-ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. ஆயினும் அந்த வயது எது என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறி, பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயதுவரை பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தது. அருளடையாளத்தின் மேலுள்ள மரியாதை என்றெண்ணியே பெரியவர்கள் அவ்வாறு செய்தார்கள். பிள்ளைகளுக்கும் ஆண்டவருக்கும் இடையே அந்த மரியாதையே தடையாக நிற்பதைக் கண்ட பத்தாம் பயஸ், 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளியான ‘க்வாம் சிங்குலாரி’ ஆணையின் வழியாக அதை நீக்கினார். ஏறக்குறைய ஏழு வயதாகி, விசுவாசத்தின் முதன்மையான உண்மைகளைத் தன் அறிவுக்கு எட்டிய அளவில் உணர்ந்து, நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியும் பிள்ளை, தன் வயதுக்கேற்ற பக்தியோடு நன்மை வாங்க வரலாம் என்று அந்த ஆணை கூறியது. ஞானோபதேசம் (மறைக்கல்வி) முழுவதையும் அதற்குள் கற்று முடித்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அந்த ஆணையில் பெற்றோர்களாகிய உங்களைப் பற்றிய பகுதியும் உண்டு. பிள்ளையை நற்கருணைக்கு அழைத்து வரும் கடமை ஆசிரியர்களுக்கும் பங்குத்தந்தைக்கும் உண்டென்று சொன்னாலும், பிள்ளை ஆயத்தமாகிவிட்டதா என்று முடிவு செய்யும் பொறுப்பைத் தந்தையிடமும் ஒப்புரவு (பாவ அறிக்கை) கேட்கும் குருவிடமுமே அது ஒப்படைக்கிறது. “எல்லாம் சிஸ்டர் சொல்லிக் கொடுப்பார்” என்று பிள்ளையை வகுப்பில் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே பெருகி வருவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. செபங்களை நாங்கள் கற்பிப்போம். ஆனால் நற்கருணைப் பேழைக்கு முன் தாய் முழந்தாளிடுவதையும், திருப்பலியில் குரு நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது தந்தை தலை வணங்குவதையும் கண்டு வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடத்தை எந்த வகுப்பிலும் தர இயலாது. திருப்பலி நடக்கும்போது ஆலய வாசலில் கைபேசியோடு நிற்கும் தந்தையிடமிருந்தும் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஆகவே இந்த மாதங்களில் குடும்பமாக ஞாயிறு திருப்பலிக்கு வாருங்கள். நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருப்பதைப் பிள்ளையோடு சேர்ந்து கடைப்பிடியுங்கள். நீங்கள் ஒப்புரவு அருளடையாளம் பெற்று நெடுநாள் ஆகியிருந்தால், பிள்ளையின் முதல் ஒப்புரவுக்கு முன் நீங்களும் சென்று வாருங்கள்.

புதுநன்மை உடை வெள்ளையாகவும் எளிமையாகவும் இருக்கட்டும். வட இத்தாலியின் ரியேசே என்னும் சிற்றூரில் தபால் ஊழியருக்கும் தையல் வேலை செய்த தாய்க்கும் மகனாக 1835-இல் பிறந்து, திருத்தந்தையான பிறகும் தம் சகோதரிகளுக்குப் பட்டங்கள் வழங்க மறுத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளியில், கடன் வாங்கித் தைத்த உடையும் வாசலில் பேனரும் பொருத்தமாக இரா. பிள்ளை நன்மை வாங்கித் திரும்பியவுடன் படம் எடுக்க இழுக்காமல், நன்றி செபம் செய்ய விடுங்கள்.

திருவிழாவுக்கும் இது பொருந்தும். கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நமக்கு மகிழ்ச்சி தருபவை. ஆனால் ஆராதனை ஆண்டவருக்கே உரியது. புனிதரிடம் நாம் வேண்டுவது பரிந்துரையை. தேருக்குத் திரண்டு வந்து திருப்பலிக்கு வராமல் போனால், நற்கருணையை நோக்கி நம்மை அழைத்த புனிதருக்கு அது சிறப்பாகாது.

பிற சமயத்தைச் சேர்ந்த பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் விழாவில் கலந்துகொள்வது முற்றிலும் உங்கள் விருப்பம். நற்கருணையைக் கோயில் பிரசாதம் போல அனைவருக்கும் வழங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதை அன்புடன் புரிந்துகொள்ள வேண்டுகிறேன்.

ஆகஸ்ட் 20 மாலை நற்கருணை ஆராதனையும் ஆசீரும் நடைபெறும். அந்நேரத்தில் ஒப்புரவும் கேட்கப்படும். புதுநன்மை வகுப்பில் சேரும் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முதல் வகுப்பில் தாயும் தந்தையும் பிள்ளையோடு அமர்ந்திருக்க வேண்டும்.

இறைப்பணியில்,
தலைமையாசிரியர்