எங்கள் பெண்களின் வலிக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் பங்கு கொடுங்கள்

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் பெரியோர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வணக்கம்.

போன மாதம் எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு வந்தவர்கள், பெண்கள் நலனில் எதை முதலில் ஆராயப் போகிறார்கள் என்று படித்துக் காட்டினார்கள். எச்ஐவி, பிரசவம், கருப்பைவாய்ப் புற்றுநோய். ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. என் மகள் எழுந்து, "எண்டோமெட்ரியோசிஸ் இல்லையா?" என்று கேட்டாள். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய் அது. "அது உயிரை எடுக்கிற நோய் இல்லையே" என்று சிரித்தபடியே பதில் வந்தது.

உயிரை எடுக்கவில்லைதான். பள்ளியில் படிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கிளினிக்கில் பனாடோ என்ற வலி மாத்திரை கொடுத்து, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை தங்காததற்கே அந்த நோய்தான் காரணமாக இருக்கலாம் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இப்போது சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறாள். மாதாமாதம் லீவு கேட்பதால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பதற்கு அரசு மருத்துவமனையில் இன்னும் தேதி கிடைக்கவில்லை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏன் வருகிறது என்று இன்றுவரை தெளிவாகத் தெரியாது. அடியோடு தீர்க்கும் மருந்தும் கிடையாது. இதை ஆராயத்தான் பணம் கேட்கிறோம்.

ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2010-இல் முடிவு வெளியான, எச்ஐவியைத் தடுக்கும் டெனோஃபோவிர் ஜெல் சோதனைக்கு டர்பனிலும் எங்கள் மாகாணத்தின் வுலிண்ட்லேலா கிராமப் பகுதியிலும் 889 பெண்கள் முன்வந்தார்கள். ஜெல் பயன்படுத்தியவர்களிடம் எச்ஐவி தொற்று 39 சதவீதம் குறைந்தது. எச்ஐவியைத் தடுக்க ஆண்டுக்கு இரண்டே ஊசி போதும் என்று 2024-இல் காட்டிய லெனகாபவிர் மருந்துச் சோதனையிலும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் இருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. உங்களுக்கு வேண்டியபோது எங்கள் வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பெண்களின் உடம்பைத் தனியாக ஆராயாமல் விடுவது உலக வழக்கம்தான் என்கிறீர்களா? அதன் விளைவைப் பாருங்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992-இல் வந்தது. அது பெண்களின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது, பாதி அளவே போதும் என்று அந்த அரசு அறிவித்தது 2013-இல். இருபது வருடம் பெண்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். காலையில் கார் ஓட்டியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த நிதிப் பட்டியலில் எண்டோமெட்ரியோசிஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அந்தப் பட்டியலை எழுதும் மேசையில் இந்த நோயுள்ள பெண்களையும் உட்கார வையுங்கள். கூட்டத்தைத் தயவுசெய்து சனிக்கிழமை வையுங்கள். வார நாளில் இன்னொரு லீவு கேட்டால் என் மகளுக்கு வேலையே போய்விடும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்