வேணும்னு பண்றதில்ல கண்ணு

கண்ணு,

அம்மா எழுதறேன். போன்ல சொல்லலாம்னா பாப்பா வீல்னு கத்துன உடனே நீ வச்சுடற. வைக்காத. எந்த வீட்ல பிள்ளைங்க கத்தல? நாங்க கேட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. செவலை கன்னு போட்டிருக்கு. அதெல்லாம் கிடக்கட்டும்.

ஊருக்கு வந்தப்ப பாப்பா அழுது அழுது மூச்சை அடக்கி உதடு நீலம் பாஞ்சுதே, அதையே நினைச்சுட்டு இருக்கறேன். வேணும்னே பண்றாள்னு நீ சொன்ன. இல்ல கண்ணு, அது அவ கையில இல்ல. அங்கன்வாடியில இப்படிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கறேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள தானா மூச்சு வந்துடும். குலுக்காத, வாயில எதையும் ஊத்தாத. அதுக்கு மேல நீண்டாலோ கை கால் வெட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. ரத்தத்துல இரும்புச் சத்து கம்மியா இருந்தா இது அடிக்கடி வரும். டாக்டர்கிட்ட காட்டி ஹீமோகுளோபின் பாரு. 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வாரம் 2 தடவை 1 மில்லி இரும்புச் சத்து மருந்து குடுக்கணும்னு கவர்மெண்ட்லயே வச்சிருக்கு. உனக்குத் தெரியுமான்னு கேட்டா ம்ம்ங்கற. சோறு திங்காம பாலையே குடிச்சிட்டு இருந்தா ரத்தம் எப்படி ஊறும்?

மத்தபடி அடம் பிடிக்காத 3 வயசுப் பிள்ளை கிடையாது. எல்லாம் வேணும், கேக்கத்தான் வார்த்தை வரல. ஆனா எந்நேரத்துல பிடிக்கறாள்னு கவனிச்சியா? நீ ஆபீஸ் முடிஞ்சு வந்து, அவளுக்குப் பசி, தூக்கம், உனக்கும் அலுப்பு, அப்பத்தான். ராத்திரி 11 மணிக்குத் தூங்கறவளைக் காலையில வேனுக்கு ஆறரைக்கே எழுப்பற. இந்த வயசுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 மணி நேரமாவது வேணும். முதல்ல அதைச் சரி பண்ணு. ஏழு மணிக்கே சோத்தை ஊட்டு.

விழுந்து புரண்டா பக்கத்துல இருக்கற சாமானை நகர்த்திட்டு நீயும் தரையில உட்காந்துக்க. புத்தி சொல்லாத, அந்நேரம் காதுல ஏறாது. இல்லைன்னு சொன்னதைக் கத்தல் நிக்கட்டும்னு குடுத்துடாத, செல்போனும்தான். அடங்கினதும் மடியில எடுத்துக்க.

உனக்குக் கோவம் தாங்கலைன்னா அவளைப் பத்திரமா உட்கார வச்சுட்டு அடுப்படிக்குப் போயிரு. எனக்குப் போன் பண்ணு. பாப்பா தொடையில இருந்தது கொசுக்கடின்னு சொன்ன. சரி. எந்நேரமானாலும் பண்ணு, நான் எடுப்பேன்.

ஆள் துணையில்லாம அந்த ஊர்ல வேலையும் பார்த்துப் பிள்ளையையும் வளர்க்கறாள்னு உன்னைப் பத்தி இங்க நான் சொல்லாத ஆளில்ல. ஆனா ஒரு கஷ்டத்தைக்கூட என்கிட்ட வாய் திறக்க மாட்டேங்கற. சின்னதுல முள்ளு குத்தினாக்கூட ஓடி வருவ.

மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலைன்னா நான் ஒரு மாசம் வந்து இருக்கறேன். அப்பாவுக்கு அத்தை சோறாக்கிடுவா. ஈரோட்டுல இருந்து ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லட்டுமா? மாப்பிள்ளைகிட்ட நீயே கேட்டுட்டு நாளைக்குள்ள சொல்லு. ஹீமோகுளோபின் பார்க்க மறந்துடாத.

அம்மா