மூன்று மாதம் தள்ளிப்போன நன்றி

கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலின் மகளிர் பெட்டியில் தினமும் என்னோடு வரும் அக்காக்களுக்கும், இந்தக் கடிதத்தில் வரப்போகும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

"மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று தென்காசியிலிருந்து அம்மா போட்ட உத்தரவால்தான் இவ்வளவு தாமதம். நேற்றோடு 14 வாரம் ஆகிறது. இனி சொல்லலாம்: நான் முழுகாமல் இருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது செய்தியே இல்லை என்பதும் தெரியும்.

முதலில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் வேலை செய்யும் தங்கைக்கு. நாள் தள்ளிப்போன வாரத்தில் இரண்டு முறை உங்கள் கடைக்கு வந்து, பக்கத்தில் ஆள் நிற்பதைப் பார்த்து, இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் முறை நீங்களே கவுன்டரின் ஓரத்துக்கு வந்து, "பிரக்னன்சி கார்டா அக்கா?" என்று மெல்லக் கேட்டீர்கள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "காலையில முதல்ல போற யூரின்ல பாருங்க" என்றும் சொன்னீர்கள். பார்த்தேன். இரண்டு கோடு. மிட்டாய் இன்னும் தீரவில்லை.

அவசரக்குடுக்கை நான். பதினோரு நாள் தள்ளியதுமே ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பை மட்டும்தான் தெரியுது, துடிப்பு இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். 'துடிப்பு இல்ல' என்ற இரண்டு சொல்லோடு வீடு வந்து சேர்ந்தேன். அவருக்கு இந்தக் கடிதத்தில் இடம் கிடையாது.

எங்கள் பகுதி நர்ஸ் அக்காவுக்குத்தான் இடம். பதிவு செய்யப் போன இடத்தில் நான் அழுததைப் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, காலண்டரை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரக் கணக்கு ஓடும், அதனால் கரு தரிப்பதற்கு முந்தின இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்று விரல் வைத்துக் காட்டினீர்கள். (என் கணவருக்கு இந்தக் கணக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அப்போ நாம வேலூர்ல கல்யாணத்துல இருந்தோமே" என்கிறார்.) "உனக்கு இப்போ அஞ்சரை வாரம். துடிப்பு ஆறு ஏழுலதான் தெரியும். இல்லன்னு சொல்லக் கூடாது, இன்னும் தெரியலன்னுதான் சொல்லணும்" என்றீர்கள். அந்த ஒரு திருத்தத்துக்கே தனிக் கடிதம் எழுதலாம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதத்துக்கு அப்புறம், 12 வாரத்துக்குள் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கேட்கப்போகும், ஆர்.சி.எச். எண் எனும் கர்ப்பப் பதிவு எண் என்று எல்லாவற்றையும் என் கைப்பை நோட்டில் நீங்களே எழுதியும் கொடுத்தீர்கள்.

அப்புறம் ரயில். ஆறாவது வாரம் மசக்கை ஆரம்பித்தது. காலையில் மட்டும் குமட்டும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் காலை, மதியம், இரவு, கனவு எல்லாவற்றிலும் குமட்டியது. வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்டாலே போதும். ரயிலிலோ தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தின் தலையெண்ணெய், யாரோ மடியில் பிரிக்கும் தக்காளிச் சாதம், கிண்டியைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியாக வரும் அந்தக் காற்று. ஒருநாள் பாலம் வருவதற்குள் எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தேன், முடியவில்லை. உங்களில் ஒருவர், பச்சைக்கரைப் புடவை அக்கா, என் கையில் ஒரு பாலிதீன் பையைத் திணித்து, தன் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டார். முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஜன்னலோர இடத்தில் ஒரு கைக்குட்டை கிடக்கும், நான் வந்ததும் அதை எடுத்துக்கொள்வார்கள். யார் போட்டது என்று கேட்டால் எல்லோரும் வெளியே பார்ப்பீர்கள். ஒருவர் மட்டும், யாருக்கோ சொல்வதுபோல, "வெறும் வயித்தோட இருந்தாத்தான் புரட்டும். படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு வாய் பொரி போட்டுக்கணும்" என்றார். டாக்டரும் பின்னால் அதையேதான் சொன்னார், மாத்திரையோடு. தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த அளவுக்குப் போகவில்லை, பொரி காப்பாற்றியது.

இரண்டு வாரக் கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, இரவு பத்து மணிக்குப் பழுப்பாக ஒரு கறை. அதைப் பற்றி அதிகம் எழுத இன்றும் கை வரவில்லை. ஆட்டோ அண்ணா, நீங்கள் என்ன ஏது என்று கேட்காமல், ஜி.எஸ்.டி. சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் தெரிந்துவைத்திருப்பவர்போல வண்டியை நகர்த்தினீர்கள். தாம்பரம் வரை உங்களை ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனவர்களுக்கு நீங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. இரவுப் பணி டாக்டரம்மா, நீங்கள் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு இப்படிக் கொஞ்சம் படும், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் வந்து காட்டியது சரி என்றீர்கள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினீர்கள். நீளம் 12 மில்லிமீட்டர். துடிப்பு நிமிடத்துக்கு 148. ஒரு பயறளவுக்குள் என்னமோ மினுக் மினுக் என்றது. வெளியே வந்தால் ஆட்டோ அண்ணா போகாமல் நிற்கிறார். என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும், "சரி, ஏறுங்க" என்றார். காத்திருந்ததற்குக் காசு வாங்கவில்லை.

ஆரணி அத்தைக்கு. நான் காபி வேண்டாம் என்றதாக உங்கள் பிள்ளை போனில் சொன்னதை வைத்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். பப்பாளி, அன்னாசி, எள் என்று ஊரே பட்டியல் போட்டபோது நீங்கள் அனுப்பியது ஒரு ஜாடி நார்த்தங்காய் மட்டும். கஞ்சிக்குத் துணையாக இரண்டு மாதம் ஓடியது. என்னவருக்கு: எட்டு வாரம் வீட்டில் வெங்காயமே வதங்காமல் பார்த்துக்கொண்டதற்கு. வெளியே போய்ப் பிரியாணி தின்றுவிட்டுப் பல் தேய்த்து வந்ததும் தெரியும்.

கடைசியாக, மாம்பலத்தில் இறங்கும் பூக்கார அக்கா. எனக்கு மல்லிகை வாசமே ஆகாமல் போன அந்த நாள்களில் என் முகம் சுருங்கியதை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். அடுத்த நாளிலிருந்து கூடை எதிர்க் கதவுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் நிற்க இடமில்லாமல் நீங்கள் மாம்பலம் வரை ஒற்றைக்காலில் வந்ததை நானும் பார்த்தேன், எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது குமட்டல் நின்றுவிட்டது. திங்கட்கிழமை கூடையை எங்கள் பக்கமே கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டு முழம் வேண்டும்.

இப்படிக்கு,
நுங்கம்பாக்கத்தில் இறங்கும் ஜன்னலோரத்துப் பெண்