ஏ4 தாளிலிருந்து இறங்கி வாருங்கள்: இலவசத் தமிழ் மின்னூல் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிடும் நூலகங்களுக்கும், தன்னார்வக் குழுக்களுக்கும், தம் நூலைத் தாமே பொதுவில் விடும் எழுத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது ஒரு பழந்தமிழ் நூலைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றுவதே பெரும்பாடு. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நூல்களைத் திரட்டும் 'நூலகம்' தளம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்று பல இணைய வாசல்கள் திறந்திருக்கின்றன. காசு கேட்காமல் இவ்வளவையும் செய்தவர்களுக்கு முதலில் நன்றி. அதைச் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறோம்: இலவசமாகக் கிடைக்கும் தமிழ் நூல்களில் பெரும்பகுதியை, மின்னூல் படிக்கவென்றே உள்ள கருவியான இ-ரீடரில் படிக்க முடியவில்லை. நூல் இருக்கிறது, இறங்குகிறது, திறக்கிறது. படிக்கத்தான் முடியவில்லை.

காரணம் எளிய கணக்கு. 6 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அந்தத் தாளுக்கென்று அமைத்த பிடிஎஃப் பக்கம் இந்தத் திரையில் பாதிக்கும் கீழாகச் சுருங்குகிறது. 12 புள்ளி எழுத்து 5 புள்ளி ஆகிவிடுகிறது. அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளியும் தெரியாது, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பதும் தெரியாது.

"விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாமே" என்பீர்கள். கைபேசியில் சரி. இ-ரீடரின் மின்மை (இ-இங்க்) திரையில் கருப்பு, வெள்ளைத் துகள்கள் நிஜமாகவே இடம் மாறித்தான் எழுத்து உருவாகிறது. ஒருமுறை உருவானால் மின்சாரம் இல்லாமலே நிற்கும். மின்கலம் வாரக்கணக்கில் தாங்குவதும், வெயிலில் தாள்போலத் தெரிவதும் அதனால்தான். ஆனால் துகள் நகர நேரம் எடுக்கும். பக்கத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்தும்போதெல்லாம் திரை மறுபடி வரையப்படுகிறது, பழைய எழுத்தின் நிழல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் படிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அடுத்த வரிக்குப் போகவேண்டும். இ-ரீடரின் சுகமே அதில்தான் இருக்கிறது. கண்பார்வை மங்கியவர்களுக்கு அது சுகம்கூட இல்லை, படிப்பதற்கு இருக்கும் ஒரே வழி. அதைத் தருவது ஈபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவம். ஏ4 பிடிஎஃப் தராது.

ஈபப்பைத் தொடுவதற்கு முன் கையில் இருக்கும் பிடிஎஃப் எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள். நடுவிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டினால் போதும், ஒரு நிமிட வேலை. எதையும் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் படம், படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரியிடம் (ஓசிஆர்) தான் போகவேண்டும். ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டினால் பழைய எழுத்துருக் குறியாக்கம்: பாமினி, தாப், தாம், டிஸ்கி இவற்றில் ஒன்று. எது என்று கண்டுபிடித்துவிட்டால் குறியாக்க மாற்றிக் கருவியால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) கொண்டுவந்துவிடலாம், பெரிய வேலையில்லை. மூன்றாவது ரகம்தான் ஆளை ஏமாற்றும். தமிழாகவே வரும், ஆனால் கொம்பு முன்னால் தனியாக நிற்கும், கால் எங்கோ கிடக்கும், சில கூட்டெழுத்துகள் காணாமலே போயிருக்கும். ஒருங்குறியில் எழுதியதைப் பிடிஎஃப் ஆக்கியபோது பார்வைக்குரிய வரிசை மட்டும் தங்கி, எழுத்தின் வரிசை தொலைந்துபோயிருக்கிறது. அதைச் சீர்செய்ய உட்காருவதைவிட நூலாசிரியரிடமோ பக்க வடிவமைப்பாளரிடமோ மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. அச்சுக்குப் போன பிடிஎஃப் வேண்டாம், தட்டெழுதிய கோப்பே வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவரின் கணினியில் அது இன்னும் இருக்கும்.

எழுத்துணரி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ் மின்னூல்களின் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. டெசராக்ட் போன்ற கட்டற்ற கருவிகள் நல்ல அச்சை நன்றாகவே படிக்கும், ஆனால் கொடுக்கும் படம் ஒழுங்காக இருக்கவேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு (டிபிஐ) குறையாமல், சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். விரித்த புத்தகத்தின் இரு பக்கங்களை ஒரே படமாக எடுத்திருந்தால் முதலில் இரண்டாகப் பிரித்து, சாய்வை நிமிர்த்தி, ஓரத்தில் விழும் கருப்பு விளிம்பை வெட்டிவிடுங்கள். ஸ்கேன்டெய்லர் என்ற மென்பொருள் இந்த மூன்றையும் செய்யும். பக்கத் தலைப்பையும் பக்க எண்ணையும் அப்போதே வெட்டுங்கள். விட்டுவைத்தால், "அவள் கதவைத் திறந்து 147 இரண்டாம் அத்தியாயம் வெளியே வந்தாள்" என்று நடு வாக்கியத்தில் வந்து உட்காரும்.

மெய்ப்புப் பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது? காலும் 'ர'வும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது முதல் குற்றவாளி. மங்கிய அச்சில் புள்ளி விழுந்துவிடுவது அடுத்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான நூல்களில் னை, லை, ளை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த வடிவில் இருக்கும். றா, னா, ணா மூன்றும் வேறு உருவத்தில் இருக்கும். இன்றைய எழுத்துகளை மட்டுமே பார்த்துப் பழகிய உணரி அவற்றை வேறு எதையாவதாக வாசிக்கும். பழைய நூல் என்றால் இந்த எழுத்துகளைத் தனியாகத் தேடிப் பார்க்காமல் வெளியிடவே கூடாது. பிழை பிடிக்க ஒரு சுருக்கு வழியும் உண்டு: தமிழில் வரவே முடியாத சேர்க்கைகளைத் தேடுங்கள். இடைவெளிக்கு அடுத்ததாகத் தனிக் கால், அடுத்தடுத்து இரண்டு உயிர்க்குறிகள் (கீழே சொல்லும் உடைத்தெழுதிய 'கொ' போன்றவை நீங்கலாக), உயிர்க்குறியின் மேல் புள்ளி. இவற்றில் எது அகப்பட்டாலும் அங்கே பிழை நிச்சயம்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக உடைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். ஆனால் தேடலிலும் அகராதியிலும் இவற்றை வேறு வேறு சொல்லாகக் கருதும் கருவிகள் உண்டு. சொல்லைத் தொட்டால் பொருள் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வராது. கோப்பு முழுவதையும் ஒருங்குறியின் சேர்ந்த வடிவத்துக்கு (NFC) ஒருமுறை சீராக்கிவிட்டால் தீர்ந்தது. ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருப்பது மட்டும் இதில் தப்பிவிடும். அதைக் கையால்தான் களையவேண்டும்.

இனி ஈபப். பலர் இதை ஏதோ நிரலாளர் வேலை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். ஈபப் என்பது இணையப் பக்கங்களை ஒரு சிப் பொதிக்குள் அடுக்கியது, அவ்வளவுதான். வேர்டிலோ லிப்ரெ ஆஃபிஸிலோ ஒழுங்காக அமைத்த கோப்பைக் காலிபர் என்ற இலவச மென்பொருள் சில நிமிடங்களில் மாற்றித் தரும். 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, நடுவில் நிறுத்தி, புதுப்பக்கம் வரும்வரை என்டர் விசையை இருபது முறை தட்டினால் பார்க்கத் தலைப்பு மாதிரி இருக்கும். மென்பொருளுக்கு அது தலைப்பு அல்ல. பொருளடக்கம் உருவாகாது; வாசகர் 30-ஆம் அத்தியாயத்துக்குப் போக விரலால் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். 'தலைப்பு 1' (Heading 1) என்ற பாணியைக் கொடுங்கள், மற்றதைக் காலிபர் பார்த்துக்கொள்ளும்.

எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் நீங்கள் பூட்டாதீர்கள், அவை வாசகருடையவை. இருபுறமும் சமன்செய்த பத்தியும் வேண்டாம். தமிழில் சொற்கள் நீளம், 9 செ.மீ. அகலத்தில் பெரிய எழுத்தில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், சமன்செய்தால் நடுவில் ஆற்றங்கால்போல இடைவெளி விழும். இடப்புறம் சீராக இருந்தால் போதும். செய்யுளுக்கு வெற்றிடமும் தாவல் விசையும் போட்டு உள்தள்ளாதீர்கள். ஒவ்வோர் அடியையும் தனி வரியாக வைத்து, திரையில் இடம் போதாமல் மடங்கும் பகுதி மட்டும் உள்தள்ளி விழும்படி பாணி அமையுங்கள். அடி எங்கே முடிகிறது, திரை எங்கே மடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். வெண்பாவின் ஓரடி இரண்டாக உடைந்து ஐந்தடி வெண்பா ஆகிவிடும் கொடுமை இப்படி அமைக்காததால்தான் நடக்கிறது.

எழுத்துருவைப் பொதிய விரும்பினால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளதைப் பொதியுங்கள். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தவேண்டும்: சில கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவதற்கு எழுத்துரு காரணமல்ல. எழுத்துகளைக் கோத்து வடிவமாக்கும் பொறி அந்தக் கருவியில் இல்லை என்று பொருள். எந்த எழுத்துருவைப் பொதிந்தாலும் அது சரியாகாது. கோரீடர் போன்ற வேறு வாசிப்புச் செயலியை நிறுவிக்கொள்வதுதான் வழி. உங்கள் கோப்பில் குறை தேடி மாய வேண்டாம்.

பொதியை மூடும் முன் ஈபப்செக் (EPUBCheck) என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். அதில் தேறாத கோப்பைச் சில சேவைகள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிடும். ஸ்கேன் படங்களையே வரிசையாக அடுக்கி அதற்கு ஈபப் என்று பெயர் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிடிஎஃப்பில் இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டுப்போகிறது.

எல்லா நூலுக்கும் மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைக்காது என்பதும் தெரியும். அப்படியானால் குறைந்தபட்சமாக ஒன்று: 9-க்கு 12 செ.மீ. பக்க அளவில், 3 மி.மீ. ஓரத்தோடு இன்னொரு பிடிஎஃப். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் 6 அங்குல பிடிஎஃப்பைச் சேர்த்தே தருகிறார்கள், வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஸ்கேன் நூல் என்றால் ஓரத்தை ஒட்ட வெட்டிய, பக்கம் பிரித்த, எடை குறைந்த பிரதி ஒன்று போதும். தரமான மூல ஸ்கேனை ஆவணமாக அப்படியே வைத்திருங்கள்.

பதிவிறக்கப் பக்கத்தில் எந்தப் பொத்தான் யாருக்கு என்று இரண்டு வரி எழுதுங்கள். கோபோ, பாக்கெட்புக் கருவிகளில் ஈபப்பை யூஎஸ்பி வழியாக நேரே போடலாம். கிண்டிலில் அப்படிப் போட்டால் நூல் பட்டியலில் வராது. 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பவேண்டும், அல்லது காலிபரில் கிண்டிலுக்குரிய ஏஇசட்டபிள்யூ3 (AZW3) வடிவம் ஆக்கிக்கொள்ளவேண்டும். 2022 முதல் அந்தச் சேவை ஈபப்பை ஏற்பதால் கிண்டிலின் பழைய வடிவமான மோபி கோப்பு தயாரிக்கும் வேலையை நீங்கள் நிறுத்திவிடலாம்.

தேடினால் கிடைக்காத நூல் இல்லாத நூலுக்குச் சமம். "புத்தகம்_இறுதி_2" என்ற பெயரில் கிடப்பதை யார் கண்டெடுப்பது? உள்ளே நூல்பெயர், ஆசிரியர், மொழி தமிழ், எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தது என்ற விவரங்களை நிரப்புங்கள். ஆசிரியர் பெயரை எங்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், டாக்டர் உ.வே. சாமிநாத ஐயர் என்று எழுதினால் கருவி அவரை மூன்று பேராகத்தான் காட்டும். கோப்பின் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். பல அமைப்புகளில் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போய்விடும். இவற்றோடு, வாசிப்புச் செயலிகள் நேரே படிக்கக்கூடிய ஓபிடிஎஸ் (OPDS) நூற்பட்டியல் ஒன்றையும் தந்தால் கோரீடர் போன்ற செயலியிலிருந்தே உங்கள் நூலகத்தைத் துழாவி இறக்கிக்கொள்ளலாம், கணினியே வேண்டாம். காலிபரின் சேவையகத்தில் அது உள்ளேயே இருக்கிறது.

உரிமைப் பக்கம் வைக்காத மின்னூலைப் பகிர வாசகருக்குத் தயக்கம் வருகிறது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணவேண்டும். 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆனது. இறந்தபின் முதன்முதலாக வெளியான நூலுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணவேண்டும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் எழுத்தாளர் இறந்தபின் 70 ஆண்டு, மலேசியாவில் 50. ஆகவே "இந்தியாவில் பொதுவுடைமை" என்று நாட்டின் பெயரோடு எழுதுங்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூலிலும் ஒரு கண்ணி உண்டு: மூலம்தான் நாட்டுடைமை. பின்னால் வந்த பதிப்பாசிரியரின் முன்னுரையும் உரைக்குறிப்பும் அட்டைப்படமும் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம், அவற்றை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். நூல் உங்களுடையதே என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது என்று உள்ளேயே எழுதிவிடுங்கள். இணையப் பக்கத்தில் எழுதியது கோப்போடு பயணம் செய்யாது.

கடைசியாக, ஒவ்வொரு நூலின் இறுதியிலும் பிழை தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியும், முதல் பக்கத்தில் பதிப்புத் தேதியும் இருக்கட்டும். படித்துக்கொண்டே பிழையைக் கோடிட்டு வைப்பது இ-ரீடரில் எளிது, அந்தக் கோடுகளைப் பட்டியலாக அனுப்ப நாங்கள் தயார். திருத்தியதும் தேதியை மாற்றிவிடுங்கள், கையில் இருப்பது பழையதா புதியதா என்று தெரியவேண்டும்.

இப்படிக்கு,
இ-ரீடரில் தமிழ் படிப்போர் சிலர்