உயர்கல்வி மானியத்தின் கணக்கைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அமைச்சுக்கும் யாயாசான் மெண்டாக்கி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் தமிழன் நான். மலாய் முஸ்லிம் சமூகத்தின் சுய உதவி அமைப்பான மெண்டாக்கி, மலாய் மாணவர்களுக்கு வழங்கும் உயர்கல்விக் கட்டண மானியத்தைப் பற்றி உனக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத அது போதும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, மலாய்க்காரர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று ஏற்று, அவர்களுடைய கல்வி நலனைக் காப்பதை அரசாங்கத்தின் பொறுப்பாக்குகிறது. அதே பிரிவின் முதல் பகுதி எல்லாச் சிறுபான்மையினரின் நலனையும் பேசுகிறது. அதில் நாங்களும் அடக்கம். பல்லாண்டுக் காலம் மலாய் மாணவர்கள் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது மாறியது. வசதி உள்ளவர்கள் கட்டணும், இல்லாதவர்களுக்கு மெண்டாக்கி வழியாக மானியம் கிடைக்கும் என்றானது. மலாய்ச் சமூகத்துக்குள் கடும் விவாதத்தைக் கிளப்பிய மாற்றம் அது. எல்லோருக்கும் இருந்த ஒரு சலுகையை வருமானத்தோடு கட்டிவைத்த பிறகு, அந்த வருமானத்தை அளக்கும் முறை குடும்பங்களின் உண்மை நிலையைக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம். இப்போது அது முழுதாகக் காட்டவில்லை.

குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை ஆள் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். சரி, எளிமையான கணக்குதான். ஆனால் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர். அப்பாவுக்கு 4,000 வெள்ளி சம்பளம், தலைக்கு 800 வருகிறது. தேசிய சேவையை முடித்த அண்ணன் 3,000 வெள்ளி வேலையில் சேர்கிறான். உடனே தலைக்கு 1,400 ஆகிவிடுகிறது. அந்த வீட்டின் வசதி உண்மையில் அவ்வளவா கூடியது? அண்ணன் கல்யாணத்துக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கும் பணம் சேர்க்கத் தொடங்கியிருப்பான். தங்கையின் படிப்புக்கு அவன் கொஞ்சம் கொடுப்பான், மனமாரக் கொடுப்பான். ஆனால் அவன் சம்பளம் முழுவதும் அவளுடைய கட்டணத்துக்கு வந்துவிட்டது போலக் கணக்குப் போடுவது சரியல்ல.

கையில் வரும் பணமும் காகிதத்தில் உள்ள பணமும் வேறு. 55 வயதுக்கு உட்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்குப் போகிறது. 4,000 என்று எழுதும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவது 3,200. வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் உணவு விநியோகம் செய்பவருக்கும் ஒரு மாதம் நன்றாக வரும், அடுத்த மாதம் வராது. எந்த மாதத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் மானியம் மாறக்கூடாது.

அப்புறம் படிநிலைகள். மிகக் குறைந்த வருமானத்துக்கு முழுக் கட்டணமும் மானியமாகக் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு பகுதி, அதற்கும் மேலே பாதி, பிறகு ஒன்றுமில்லை. எல்லைக்குச் சில வெள்ளி மேலே நிற்கும் குடும்பம், சில வெள்ளி கீழே நிற்கும் குடும்பத்தைவிட உண்மையில் ஏழையாகிவிடுகிறது. ஓவர்டைம் செய்த அம்மாவுக்குக் கிடைக்கும் பரிசு அதுவா? படிக்கட்டை எடுத்துவிட்டுச் சரிவுப்பாதை போடுங்கள். வருமானம் கூடக்கூட மானியம் சிறிது சிறிதாகக் குறையட்டும்.

கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கல்விக் கட்டணக் கடன் பல்கலைக்கழகத்தில் 90 விழுக்காடு வரையும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் 75 விழுக்காடு வரையும் கொடுக்கும். அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் படிப்பு முடிந்ததும் வட்டியோடு திருப்பி வைக்க வேண்டும். வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு இது சுமைதான். டிப்ளோமாவோடு நிறுத்திக்கொள்கிறேன் சார் என்று ஒரு நல்ல மாணவன் சொல்லும்போது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அவனைப் புரிந்துகொள்ள முடியாது.

அவர்களுக்கு மட்டும் ஏன் என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்பதையும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் கல்வி மானியம் எல்லா இனத்துச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே குறைத்துவிடுகிறது. மெண்டாக்கி பார்ப்பது மிச்சத்தை. 1991இல் தொடங்கிய, இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டா நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. ஒரு மலாய் மாணவிக்குக் கிடைக்கும் மானியம் எந்தத் தமிழ் மாணவியின் பையிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. மேலும், தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் இந்தக் கணக்கு அரசாங்க உதவி நிதிகளிலும் இருக்கிறது. இங்கே அதைச் செம்மைப்படுத்தினால், அங்கும் திருத்தக் கேட்க நமக்கு வழி பிறக்கும்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடன்பிறப்பின் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் முதல் சில ஆண்டுகளுக்குக் கணக்கில் எடுங்கள். நிலையற்ற வருமானக்காரர்களுக்கு ஓராண்டுச் சராசரியைப் பாருங்கள். சேம நிதி போக மிஞ்சுவதை அளவாக வையுங்கள். எல்லைக்குச் சற்று மேலே நின்றதால் எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தொழிற்கல்லூரிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விரிவுரையாளர்